வீணையும் கிதாரும் சேர்ந்து ஒலிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேட்கப்பட்டது: நான் வீணை கற்றவள், என் தோழி அக்கூஸ்டிக் கிதார் வாசிக்கிறாள். பாட்டு இல்லாமல், இரண்டு கருவிகளையும் மட்டும் வைத்துச் சேர்ந்து வாசிக்க முயல்கிறோம். ஒரே ஸ்கேலில் வாசித்தும் ஒட்டவில்லை. வெவ்வேறு நாட்டு நரம்புக் கருவிகளைச் சேர்த்து வாசித்தவர்களில் யாரைக் கேட்கலாம், அவர்களுக்கு இது எப்படிக் கைகூடியது?

ஸ்கேல் பொருந்துவது இவ்வகை இசையில் எளிதாகக் கிடைக்கிற, ஆனால் மிகக் குறைவாகவே உதவுகிற பொருத்தம். மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற நரம்புக் கருவிக்குச் 'சவுத்தா' என்று ஒரு சுருதி அமைப்பு உண்டு. அதில் மத்தியமம் உயர்ந்து நிற்பதால் நம் காதுக்குக் கல்யாணியின் ஆரோகணம் போலவே கேட்கும். ஆனால் கோராவில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தந்தி. 21 தந்திகளையும் இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுகிறார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லவோ, ஒரு சுரத்தை அசைத்துப் பிடிக்கவோ அந்த வாசிப்பில் இடமில்லை. அதன்மேல் வீணையில் கல்யாணியின் கமகங்களை வாசித்தால், சுர வரிசை ஒன்றாக இருந்தும் இரண்டு இசைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுமே தவிரக் கலக்காது. நெடுங்காலம் இப்பதிவுகளைக் கேட்டு நான் வந்து சேர்ந்த முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மரபுகள் சந்திப்பது ஸ்கேலில் அல்ல, சுருதி சேர்க்கும் விதத்திலும், ஒவ்வொருவரும் தம் கருவியின் எந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதிலும்தான்.

உங்கள் இரண்டு கருவிகளையே எடுத்துக்கொள்வோம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை, காதால் கேட்டு நிறுத்தப்பட்டவை. கிதாரின் மெட்டுகளோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்து, கழுத்தில் நிரந்தரமாக அடிக்கப்பட்டவை. ஒரு பங்கை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், கிதாரின் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட் உயரத்தில் இருக்கிறது. தம்பூராவின் சட்ஜத் தந்தி தானாகவே எழுப்புகிற காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட்தான். கிதார் தனியாக ஒலிக்கும்போது இந்த 14 சென்ட் யாரையும் உறுத்துவதில்லை. பின்னால் தம்பூராவும் உங்கள் தாளத் தந்திகளும் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, காந்தாரம் விழும் ஒவ்வோர் இடத்திலும் ஒலி நிலைகொள்ளாமல் அலைவது போலத் தோன்றும். 'ஒட்டவில்லை' என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுவாக இருக்கலாம்.

மீதிப் பாதிக்குக் காரணம் கார்டுகள், அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் கிதார் வழக்கம். மேஜர் கார்டு ஒன்றை அடித்தால் அந்தக் காந்தாரம் அதற்குள் இருந்தே தீரும். அதைவிடப் பெரிய சிக்கல், கார்டு மாற மாறக் கேட்பவரின் காதில் அடிநிலை மாறுகிறது என்பது. நீங்கள் பஞ்சமத்தில் நின்று கார்வை கொடுக்கும்போது, அடியில் கார்டு மாறினால், அந்தப் பஞ்சமம் வேறொரு சுரத்தின் உறுப்பாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆதார சட்ஜம் நழுவுகிறது. ராகம் நிற்பது அந்தச் சட்ஜத்தின் மேல். ஆகவே உங்கள் தோழி எவ்வளவு நன்றாக வாசிக்கிறாரோ, எவ்வளவு அழகாகக் கார்டுகளை மாற்றுகிறாரோ, அவ்வளவுக்கு உங்கள் ராகம் தரையில்லாமல் தவிக்கும். இதில் அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

இந்தச் சிக்கல் தீர்ந்து ஒலிப்பதைக் கேட்க வேண்டுமானால், 1993-இல் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்ற தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ரை கூடர் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞரும், மோகன வீணை வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்தது. 1992 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் உள்ள ஒரு கிறித்தவ குருமடத்துச் சிற்றாலயத்தில் பதிவானது. பதிவுக்குச் சற்று முன்புதான் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். ஒத்திகை எதுவும் இல்லை. உடன் இருந்தவை சுக்விந்தர் சிங் நாம்தாரியின் தபலாவும், கூடரின் மகன் யோவாக்கிம் வாசித்த தும்பெக் என்ற சிறு முரசும் மட்டுமே. நான்கே துண்டுகள், சுமார் நாற்பது நிமிடம். 1994-இல் உலக இசைக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். கருவிக்கு ஒரு மைக் வைத்துப் பிறகு கலவை செய்யும் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. ஒரே இடத்தில் இரண்டு மைக்குகளை வைத்து, வால்வுகளில் இயங்கும் கருவிகளின் வழியாக அனலாக் நாடாவில் பதிந்தார். இதைத் தொழில்நுட்பச் செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் ஒருவர் ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப்போவதில்லை என்று தெரிந்தால், வாசிப்பவர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசித்தாக வேண்டும். மற்றவர் கருவி மெதுவாக ஒலித்தால் நாமும் மெதுவாக வாசிக்க வேண்டும். அந்தக் கவனம் இந்தத் தொகுப்பில் முதல் நிமிடத்திலிருந்தே கேட்கிறது.

அங்கே எது ஒட்டியது? மோகன வீணை என்பது கிதாரின் உடலிலிருந்து பட் மாற்றி அமைத்த கருவி. மடியில் கிடத்தி, மெட்டுகளை அழுத்தாமல், தந்திகளின்மேல் ஓர் உலோகத் தண்டை நகர்த்தி வாசிக்கிறார். பக்கவாட்டில் 12 தரப் தந்திகள், விரல் படாமலே சுரத்துக்குச் சுரம் தாமாக அதிர்கின்றன. கூடர் வாசிப்பதும் விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டி வழுக்கும் முறையில்தான். ஆக, இருவர் கையிலும் மெட்டுகளின் ஆட்சி இல்லை. காந்தாரத்தை இருவருமே காதால் நிறுத்துகிறார்கள். மேலே சொன்ன 14 சென்ட் சிக்கல் எழவே இல்லை.

இந்த ஒற்றுமை தற்செயலானதும் அல்ல. ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு போன்றவர்கள் வளர்த்த உலோகத் தண்டு வாசிப்பு, 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது. அதே முறையை ஹவாயிக் கலைஞர் தாவ் மோ கல்கத்தாவில் தங்கிப் பரப்பினார். வங்காளத்தில் 'ஹவாயன் கிதார்' வீட்டு வாத்தியமாகவே ஆனது. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி ராக வாசிப்புக்கு உயர்த்தினார். பட் அடுத்த தலைமுறை. கூடரோ ஹவாயின் காபி பஹினுயியோடு 1970-களில் சேர்ந்து வாசித்தவர். ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் அந்தச் சிற்றாலயத்தில் சந்தித்தன என்று சொல்வதுதான் பொருத்தம். நம்மிடம் கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை இருப்பதால், இந்த வழுக்கல் ஒலி தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. சித்திரவீணைக் கலைஞர் என். ரவிகிரண், பட், அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால் ஆகியோர் சேர்ந்த 'மும்தாஜ் மஹால்' (1995) தொகுப்பும் அதே நிறுவனத்தின் வெளியீடுதான். அதில் பாட்டு உண்டு என்பதால் உங்கள் தேவைக்குச் சற்று விலகியது.

'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்' என்ற மூன்றாவது துண்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கூடர் கார்டு அடித்துப் பின்னணி அமைப்பதில்லை. திறந்த தந்திகளை ஆதாரம்போல ஒலிக்கவிட்டு, பட் ஒரு சொற்றொடரை முடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று சுரங்களைத் தாழ்வாக வைக்கிறார். அவர் விட்டுக்கொடுத்தது கார்டு மாற்றத்தை. பட் விட்டுக்கொடுத்தது ராகத்தை ஆலாபனை, ஜோர், ஜாலா என்று முழுதாக விரிக்கும் முறையை. விட்டுக்கொடுக்காதது, இருவரும் சுரத்தைத் தொடும் விதம்.

மெட்டுகள் இருக்கும் கருவியோடு மெட்டில்லாத கருவி சேர்வதைக் கேட்க, ஈரானியக் கமாஞ்சே கலைஞர் கெய்ஹான் கல்ஹோரைத் தேடுங்கள். கமாஞ்சே முழங்காலின்மேல் நிறுத்தி வாசிக்கும் சிறு வில் கருவி. ஒரு தந்தியிலிருந்து மற்றொன்றுக்குப் போக வில்லைச் சாய்ப்பதற்குப் பதிலாகக் கருவியையே இடது கையால் சுழற்றுகிறார்கள். ஈரானிய இசையில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு காந்தாரம் உண்டு. மற்றச் சுரங்களுக்கும் இதுபோன்ற நடுநிலைகள் உண்டு. கிதாரில் இவை கிடையா. சிதாரின் மெட்டுகளோ நூலால் கட்டியவை, நகர்த்தலாம். தந்தியை இழுத்தும் பிடிக்கலாம். கல்ஹோரும், விலாயத் கானின் மகனான சிதார் கலைஞர் ஷுஜாத் கானும் 'கஸல்' என்ற பெயரில் சேர்ந்து வாசித்த தொகுப்புகளில், 2003-இல் வந்த 'தி ரெய்ன்' என்னை மிகவும் ஈர்த்தது. இருவரும் ஒரே வரியை ஒன்றாக வாசிப்பது குறைவு. ஒருவர் நிறுத்திய சுரத்தை மற்றவர் எடுத்துக்கொண்டு தம் மொழியில் தொடர்கிறார். ஷுஜாத் கான் இடையிடையே பாடவும் செய்கிறார். முழுக்கப் பாட்டில்லாததை வேண்டினால், கல்ஹோர் துருக்கியின் பாக்லமா என்ற நீள்கழுத்து நரம்புக் கருவிக் கலைஞர் எர்தால் எர்சின்ஜானோடு வாசித்த 'தி விண்ட்' (2006) இருக்கிறது. பாக்லமாவின் மெட்டுகளும் கட்டி வைத்து நகர்த்தக் கூடியவையே. தொடக்கத்தில் ஒன்றும் நிகழாதது போலிருக்கும். கேட்கும் அவசரத்தைக் குறைத்துக்கொண்டால் அது எவ்வளவு நெருக்கமான உரையாடல் என்பது புரியும்.

புகழ்பெற்ற முன்னோடி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் 1966-இல் இங்கிலாந்தின் பாத் நகர விழாவில் சேர்ந்து வாசித்ததைத் தொடர்ந்து வந்த 'வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்' தொகுப்பு, வரலாற்றில் பெரிய நிகழ்வு. மெனுஹினின் பணிவையும் உழைப்பையும் மதிக்கிறேன். இருந்தாலும் அவர் வாசித்தது அவருக்காக எழுதித் தரப்பட்ட சுரங்களை. சேர்ந்து வாசித்த திலங் ராகத் துண்டில் சிதார் பேசுகிறது, வயலின் கற்றதை ஒப்பிக்கிறது. இசைத்தட்டின் மறுபக்கம் முழுவதும் எனெஸ்கு என்ற இசையமைப்பாளரின் ஐரோப்பிய வயலின்-பியானோ சொனாட்டா என்பதைக் கவனித்தால், கலப்பு இன்னும் நிகழவில்லை என்பது விளங்கும்.

அதே வயலின் தமிழ்நாட்டில் என்ன ஆனது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்றார். தஞ்சை நால்வரில் வடிவேலு அதைக் கச்சேரிக்கு உரியதாக்கினார். அவர்கள் ஐரோப்பியர் தோளில் வைத்ததை மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையே சாய்த்தார்கள். தந்திகளைச் சட்ஜ-பஞ்சமமாக மாற்றிச் சேர்த்தார்கள். இடது கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டதால் தந்தி நெடுக வழுக்க முடிந்தது, கமகம் வந்தது. உலகில் நடந்த நரம்பிசைக் கலப்புகளில் இதைவிட முழுமையானதை நான் அறியேன். முழுமையாகிவிட்டதால்தான் அதைக் கலப்பு என்றே நாம் நினைப்பதில்லை.

நீங்கள் வீணை கற்றவர் என்பதால் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினின் கதை உங்களுக்கு உதவும். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையை மேடைக்குக் கொண்டுபோகாமல், வீணை தந்த பாடத்தைக் கிதாருக்குக் கொண்டுபோனார். ஏப் வெக்டர் என்ற கருவி செய்பவர் அவருக்காக ஒரு கிதார் அமைத்தார்: ஒலித்துளைக்கு மேலே குறுக்கே ஓடும் ஏழு கூடுதல் தந்திகள், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கழுத்து. பள்ளம் இருப்பதால் விரல் மரத்தில் முட்டாது, வீணையில் போலத் தந்தியை அழுத்தமாக இழுக்க முடிகிறது. எல். சங்கரின் வயலின், சாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு 1975-இல் மேடையில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'சக்தி' குழுவின் முதல் தொகுப்பில் இந்த அணுகுமுறையின் பலனைக் கேட்கலாம். வேகம் மிகுந்த இசை. தொடக்க நிலையில் நீங்கள் பின்பற்ற வேண்டியது வேகத்தை அல்ல, கிதார் எங்கே வீணையாகத் தணிகிறது என்பதை.

மாலி நாட்டின் பல்லாகே சிஸ்ஸோக்கோ வாசிக்கும் கோராவும் பிரான்சின் வின்சென்ட் செகால் வாசிக்கும் செல்லோவும் சேர்ந்த 'சேம்பர் மியூசிக்' (2009) வேறொரு வழியைக் காட்டுகிறது. கோரா வாசிப்பில் திரும்பத் திரும்ப வரும் அடிவரிக்குக் 'கும்பெங்கோ' என்றும், அதன்மேல் பாயும் சுரக்கோவைக்குப் 'பிரிமின்டிங்கோ' என்றும் பெயர். வழக்கமாக இரண்டையும் ஒரே கோரா கலைஞர் வாசிப்பார். இங்கே செகால் பல இடங்களில் வில்லைக் கீழே வைத்துவிட்டு, செல்லோவை விரலால் மீட்டி அடிவரியைத் தாம் ஏற்கிறார். கோரா கட்டவிழ்ந்து பாய்கிறது. வெல்ஷ் ஹார்ப் கலைஞர் காட்ரின் ஃபின்ச்சும் செனகலின் செக்கு கெய்தாவும் வாசித்த 'க்ளிக்காய் திபோன்' (2013) இதற்கு அடுத்துக் கேட்கத் தக்கது. ஹார்ப், கோரா இரண்டும் மீட்டும் கருவிகள், ஒரே இனம். ஒன்றையொன்று மறைத்துவிடும் ஆபத்து அங்கே அதிகம். வீணைக்கும் கிதாருக்கும் உள்ள ஆபத்தும் அதுதான்.

பல தொகுப்புகள் ஒன்றுபோலவே ஒலிப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஐந்து சுர வரிசைகள் சீனத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் உண்டு, நமக்கு மோகனம் இருக்கிறது. யாருக்கும் இடிக்காத அந்த வரிசையில் அனைவரையும் நிறுத்திவிட்டு, அடியில் சிந்தசைசரின் நீண்ட ஒலியைப் பரப்பிவிட்டால் எந்தக் கருவியும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. கேட்க இனிமையாகவும் இருக்கும். மறுநாள் நினைவில் நிற்காது. 1996-இன் 'டபுலா ராசா'வில் பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோ, சென் ஜியே-பிங்கின் எர்ஹூ, பட்டின் மோகன வீணை மூன்றும் சேர்ந்தபோது அந்த மழுப்பல் இல்லாததற்குக் காரணம், மூன்றின் ஒலியும் வாழும் காலம் வேறுவேறு: பாஞ்சோவின் சுரம் பிறந்தவுடன் மறைகிறது, இரண்டே தந்திகள் கொண்ட எர்ஹூவின் சுரம் வில் ஓடும்வரை நிற்கிறது, மோகன வீணை இரண்டுக்கும் நடுவே மெல்லத் தேய்கிறது. ஆகவே ஒருவர் ஒலி மறையும் இடத்தில் மற்றவருக்கு வழி கிடைக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற பிரித்தானியக் கிதார் கலைஞர் மொராக்கோவுக்குச் சென்று ஊத் என்ற அரபு நரம்புக் கருவிக் கலைஞர்களைக் கேட்டபின், கிதாரின் ஆறு தந்திகளையும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று மாற்றிச் சேர்க்கும் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் கணக்கில் அது ச, ப, ச, ம, ப, ச. வீணையின் அமைப்புக்கு மிக அருகில் வரும் கிதார் சுருதிகளில் இது ஒன்று. இப்படிச் சேர்த்தால் சட்ஜம் 2 கட்டை. உங்கள் வீணை இரண்டரைக் கட்டையில் இருந்தால் முதல் மெட்டிலும், 3 கட்டையில் இருந்தால் இரண்டாம் மெட்டிலும் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டச் சொல்லுங்கள். வீணையின் தந்திகளை முறுக்க வேண்டாம்.

முதலில் சுத்த சாவேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சுரத்தைப் பற்றி மேலே குறை சொன்னவன் ஐந்து சுர ராகத்தையே பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு: அதில் காந்தாரமே இல்லை, கிதாரின் திறந்த தந்திகள் ஆறும் ராகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கமகத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் மேலே சொன்ன மழுப்பலில்தான் போய் முடியும். தோழி கார்டு பிடிக்காமல் சட்ஜ-பஞ்சமத்தை மீட்டி, நீங்கள் கார்வை கொடுக்கும்போது ஒற்றை வரியில் பதில் சொல்லட்டும். இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரே ஸ்தாயி எல்லையில் ஒலிப்பவை. ஆதலால் நீங்கள் மந்தரத்துக்கு இறங்கும்போது அவர் மேலே ஏறிவிட வேண்டும். மைக் வைக்கத்தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரே ஒன்றை வைத்துப் பதிந்து, உடனே போட்டுக் கேளுங்கள். யார் யாரை மூடுகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அது பழகியபின் மோகனத்துக்குப் போகலாம். மத்தியமத்தில் நிற்கும் மூன்றாவது தந்தியை அரைச் சுரம் இறக்கினால் அது அந்தர காந்தாரமாகிறது. அதை ட்யூனரைப் பார்த்துச் சேர்க்காமல், தம்பூராவை ஓடவிட்டு, அதில் கேட்கிற காந்தாரத்தோடு அலைவு அடங்கும்வரை பிருடையைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். திறந்த தந்தி என்பதால் மெட்டுகள் அங்கே குறுக்கிடுவதில்லை. சமப் பங்கீட்டுக் காந்தாரத்தைவிடச் சற்றே தாழ்ந்த, உங்கள் வீணையோடு இசைகிற காந்தாரம் கிதாரிலும் கிடைத்துவிடும்.